வாய் திறக்காத எலும்பு

அந்த அறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. நுண்ணோக்கியின் முன்னால் நோயியல் மருத்துவர். எல்லோருக்கும் அவர் டாக்டரம்மா. அவருக்கு வலப்பக்கம், உருளும் முக்காலியில் துணை மருத்துவர். இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் ‘அவசரம்’ என்ற கல்லூரிப் பட்டப்பெயர் அவரை விடவில்லை. ஜன்னலோரம் அறுவை மருத்துவர், உட்கார்ந்தும் உட்காராமலும். கதவை ஒட்டிய பெஞ்சில் ஒரு பஸ் ஓட்டுநரும், தையற்கடை வைத்திருக்கும் அவருடைய தங்கையும்.

நோயாளி தங்கைதான். சில வருடங்களுக்கு முன் தன் சிறுநீரகம் ஒன்றை அவளுக்குக் கொடுத்தவர் அண்ணன்.

“முதுகெலும்புல ஒரு கட்டி, கல்லீரல்ல ரெண்டு,” என்றார் அறுவை மருத்துவர். “தசைப் புற்றுநோய், உடம்பு முழுக்கப் பரவிடுச்சுன்னு முந்தின சோதனைக்கூடத்துல எழுதியிருக்காங்க. திங்கட்கிழமை கடுமையான மருந்து ஏத்தப் போறோம். அந்தக் கிட்னி தாங்குமான்னு தெரியல. அதுக்கு முன்னால நீங்க ஒரு தடவை பார்த்துடுங்க.”

“குடுத்த கிட்னியும் போயி ஆளும் போயிடுமா, டாக்டரம்மா?” என்றார் அண்ணன்.

“ஏன்ணா, உன் கிட்னிய நான் பத்திரமாத்தானே வெச்சிருக்கேன்? என்னையே முறைக்கிற!” என்றாள் தங்கை.

டாக்டரம்மா கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த துண்டின் கண்ணாடித் தகட்டை நுண்ணோக்கியில் வைத்தார். இரண்டாவது கண்ணாடி வழியாக அவசரமும் பார்த்தார்.

“நீள நீளமான செல்கள். கட்டுக்கட்டா ஓடுது. ரத்தக்குழாய்ச் சுவர்ல இருக்குமே, அந்த மென்தசை. புற்றுதான்!” என்றார் அவசரம்.

“தீர்ப்பை அப்புறம் சொல்லுங்க. நடுவுல என்ன?”

“வெள்ளணுக்கள். அட, நிறையவே இருக்கு.”

“பிளவுபடற செல்கள்?”

அவசரம் வெகுநேரம் தேடினார். “ரொம்பக் கம்மி. வழக்கமான புற்றுன்னா நிறைய இருக்கணுமே.”

“மாற்றுச் சிறுநீரகம். எதிர்ப்புச் சக்திய அடக்கற மாத்திரை. அதுக்கு மேல மென்தசைக் கட்டி. யாரைச் சந்தேகப்படுவீங்க?”

“எப்ஸ்டீன்-பார் வைரஸ்! நம்மள்ல நூத்துக்குத் தொண்ணூறு பேர் உடம்புல சத்தமில்லாம தூங்கிட்டிருக்குமே! எதிர்ப்புச் சக்தி அசந்தா முழிச்சுக்கிட்டுக் கட்டிய வளர்த்துவிடும்.”

“அதையும் பார்த்தாச்சு,” என்றார் அறுவை மருத்துவர். “எலும்புத் துண்டுல சோதிச்சாங்க. வைரஸ் இல்ல.”

“கல்லீரல் துண்டுல?”

“அது எதுக்கு? ஒரே நோய்தானே பரவியிருக்கு.”

டாக்டரம்மா எலும்புத் துண்டின் தகட்டையும் எடுத்தார். இரண்டு தகடுகளையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். “அவசரம், கட்டிய மறந்துடுங்க. நிறத்தை மட்டும் பாருங்க.”

“கல்லீரல்ல உட்கரு நல்ல நீலம். எலும்புல, பழைய சட்டை மாதிரி வெளுத்துக் கிடக்கு. சாயத்துல சொதப்பியிருப்பாங்க.”

“உட்கருவைச் சுத்தி இருக்கற இளஞ்சிவப்பு எப்படி இருக்கு?”

“அது பளிச்சுன்னுதான் இருக்கு.”

“அப்ப சாயத்து மேல பழி போடாதீங்க. கல்லீரல் துண்டுல வைரஸ் சோதனை போடுங்க. எலும்புத் துண்டுல வைரஸத் தேட வேண்டாம். எல்லா செல்லுலயும் இருந்தே ஆகவேண்டிய ஆர்.என்.ஏ. அதுல இருக்கான்னு மட்டும் பாருங்க.”

மறுநாள் மாலை அதே ஐந்து பேரும் கூடினார்கள். அண்ணன் மட்டும் உட்காரவில்லை.

“எலும்புல ஒண்ணுமே இல்ல! இருந்தே ஆகவேண்டியதும் இல்ல!” என்றார் அவசரம்.

“எலும்ப அப்படியே மெல்லிசாச் சீவ முடியாது,” என்றார் டாக்டரம்மா. “அமிலத்துல ஊறவெச்சு மெதுவாக்குவாங்க. அதிகமா ஊறிட்டா உட்கரு வெளுத்துடும், ஆர்.என்.ஏ. அழிஞ்சுபோகும். வைரஸ் சோதனை தேடுறதே வைரஸோட ஆர்.என்.ஏ.வைத்தான். சாட்சியோட வாயக் கட்டிப்போட்டுட்டு, எதுவும் தெரியாதுன்னுட்டான்னு எழுதிட்டாங்க.”

“அப்ப கல்லீரல்?” என்றார் அண்ணன்.

அவசரம் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். உட்கருக்கள் வரிசை வரிசையாகக் கறுத்திருந்தன. அத்தனையிலும் வைரஸ்.

“இருக்கட்டும். பரவினது பரவினதுதானே?” என்றார் அறுவை மருத்துவர்.

“இல்ல. இந்த நோயில பல கட்டி இருந்தா, பெரும்பாலும் ஒவ்வொண்ணும் அங்கங்க தனியா முளைச்சதுதான். ஒரே திருடன் மூணு வீட்டுக்கும் போகல. மூணு வீட்லயும் காவல் இல்ல. காவலத் தூங்கவெச்சது மாத்திரை. அதைக் குறைக்கணும். எடுக்க முடியற கட்டிய எடுக்கணும். திங்கட்கிழமை மருந்து வேண்டாம்.”

“மாத்திரையக் குறைச்சா கிட்னிய உடம்பு ஒதுக்கிடாதா?” என்றார் அண்ணன்.

“அந்த ஆபத்து உண்டு. அதனாலதான் சிறுநீரக மருத்துவர் ரத்தத்தப் பார்த்துப் பார்த்துக் குறைப்பார். கட்டி முழுசா மறைஞ்சிடும்னு நான் வாக்குக் குடுக்கல. ஆனா இதோட வருஷக்கணக்கா நடமாடறவங்க இருக்காங்க.”

தங்கை டாக்டரம்மா பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்: “அப்ப புது ஆர்டர் வாங்கலாமா?”

“தாராளமா வாங்குங்க.”

“முதல்ல என் யூனிஃபார்ம தைச்சுக் குடு,” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “எப்பக் கேட்டாலும் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்தடிக்கிறா, டாக்டரம்மா.”

அறுவை மருத்துவர் முதன்முறையாகச் சாய்ந்து உட்கார்ந்தார். போனை எடுத்துத் திங்கட்கிழமை ஏற்பாட்டை ரத்து செய்யச் சொன்னார். டாக்டரம்மா சிறுநீரக மருத்துவருக்கு எழுதினார்: கட்டி எது, வைரஸ் எங்கே தெரிந்தது, எலும்புச் சோதனையை ஏன் நம்பக்கூடாது, எந்த மாத்திரையை முதலில் குறைக்கலாம். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்து, மடித்து உறையிலிட்டு, பசை தடவி விரலால் அழுத்தினார்.

“இன்னிக்கே அவர் கையில சேரணும்.”

அண்ணன் உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். லிஃப்ட் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை.