பந்தி விதி

"எங்கயாவது புடிக்குதுங்களா?"

"இல்லைங்க. பரவால்லைங்க."

"விரல் நுனி முன்னாடி லேசாத் தொடுதுங்களா?"

"தொடுதுங்க. தொட்டாலும் பரவால்லைங்க."

"குதிகால் மேல தூக்குதுங்களா?"

"போடப் போடப் பழகிருமுங்க."

"ஏனுங்க, இந்தக் குளிர்ல உங்க நெத்தியில வேர்வை ஊத்துது. எங்க வலிக்குதுன்னு சொன்னா உங்க சொத்தா கொறஞ்சு போயிரும்?"

இளவெயினிக்கும் நன்மாறனுக்கும் இடையில் நடந்த முதல் பேச்சு அதுதான். பொள்ளாச்சி சாலையில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே பனிமாடம் எழும்பிய புதிது. கூரை முழுக்கச் சூரியத் தகடு; உள்ளே ஒரு கரட்டுக் குன்று அளவுக்குப் பனிச்சரிவு. வாசலில் இளநீர் சீவிக்கொண்டிருப்பார்கள். கதவைத் திறந்து உள்ளே போனால் மூச்சு புகையாக வரும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊரே பனிப்பலகையைத் தூக்கிக்கொண்டு வழுக்கப் போகும். வெயினி அங்கே பூட்ஸ் கடையில் அளவு பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருந்தாள்.

ஊர்க்காரர்களுக்கு பூட்ஸ் விற்பது லேசான காரியமில்லை. பிள்ளைக்குச் செருப்பு வாங்கும் வழக்கப்படி, "அடுத்த வருசமும் ஆகட்டும்" என்று நாற்பது வயது ஆளுக்கும் ஓர் அளவு பெரிதாகக் கேட்பார்கள். குளிருக்கு என்று இரண்டு ஜோடி கம்பளிக் காலுறையைத் திணித்துக்கொண்டு வருவார்கள். ஒரே ஒரு மெல்லிய காலுறை போதும், நேராக நிற்கும்போது விரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விரல் விடுபட்டுக் குதிகால் பின்னால் போய் உட்கார வேண்டும், அந்தக் குதிகால் கொஞ்சமும் மேலே தூக்கக் கூடாது என்று அவள் தொண்டை வறளச் சொல்வாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் எல்லாரும் சொல்வது ஒன்றே: பரவால்லைங்க.

அன்று நன்மாறன் வலியைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணத்துக்கு அப்புறம்தான் அதைச் சொன்னான். "ஏற்கெனவே நாலஞ்சு டப்பாவ எறக்கிட்ட. இன்னொன்னு கேட்டா உனக்குச் சங்கடம்னு தோணுச்சு." 

அப்படிப்பட்ட ஆள். கயிறு திரிக்கும் தென்னைநார் ஆலை வைத்திருந்தான். பூட்ஸ் கடித்து இரண்டு கட்டைவிரல் நகமும் கறுத்துப்போன பிறகும் அடுத்த ஞாயிறு அதே கடைக்கு வந்து, "நல்லா இருந்துச்சுங்க" என்றான். பொய் சொல்லும்போதுகூட இத்தனை அன்பாக ஒருவனால் சொல்ல முடியுமா என்று நினைத்தபோதே வெயினிக்குப் பாதி மனசு போய்விட்டது.

மீதி மனசும் போன பிறகு, அவர்கள் கல்யாணப் பந்தியில்தான் அவளுக்கு அந்த யோசனை பிறந்தது. மாமியார் ரசவாளியோடு வந்தார். இலையின் மேல் கையை மறைத்துப் பிடித்து "போதுங்க, போதுங்க" என்றார்கள் விருந்தாளிகள். மாமியார் ஒருவர் வாயையும் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். விரல்கள் விரிந்திருந்தால் ஊற்றினார். விரல்கள் சேர்ந்திருந்தால் நகர்ந்தார். ஓர் இலையிலும் தப்பு நேரவில்லை.

வாய் மரியாதைக்குப் பேசும், விரல் பொய் சொல்லாது. வெயினி படித்திருந்தது உணர்கருவிப் பொறியியல். மூன்று வருடம் உழைத்து அவள் உருவாக்கிய பூட்ஸுக்குப் பாதமறி என்று பெயர் வைத்தாள். அதன் உள்ளுறை காலின் வெப்பத்தையும் ரத்த ஓட்டத்தையும் நரம்பின் துடிப்பையும் படிக்கும். வலியில் கால்விரல்கள் மடங்கத் தொடங்கும் முன்பே அந்த இடத்தில் நெகிழும். தளர்ந்த இடத்தில் இறுகும். கேட்க வேண்டாம், சொல்ல வேண்டாம். பூட்ஸைத் தயாரித்த நிறுவனத்துப் பொறியாளர்கள் அந்தக் கணக்கைப் பந்தி விதி என்றே அழைத்தார்கள்.

பூட்ஸோடு அது நிற்கவில்லை. பந்தி விதி மெத்தைக்குப் போனது, நாற்காலிக்குப் போனது, மின்விசிறிக்கும் விளக்குக்கும் வீட்டுச் செருப்புக்கும் போனது. உடம்பு முகம் சுளிக்கும் முன் வீடே இசைந்து கொடுத்தது. விசிறியைக் கூட்டு, குறை என்று எந்த வீட்டிலும் சண்டை இல்லை. குடும்ப நீதிமன்றங்களில் கூட்டம் குறைந்ததாகச் சொன்னார்கள். வெயினியும் நன்மாறனும் சண்டை போட்டே பல வருடம் ஆகியிருந்தது. ஊரில் அவர்களை உதாரணம் காட்டினார்கள்.

அப்படி இருந்த வீட்டில்தான் இந்த வாரம் புதன்கிழமை அவள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"திங்கக்கெழம இமயமலைப் பக்கம் ஸ்பிதிக்குக் கெளம்பணுங்க. ஆறு மாசம். நிஜ மலையில பாதமறி சரிப்பட்டு வரல. நானே போய்ப் பாத்தாத்தான் ஆகும்."

நன்மாறன் நிமிர்ந்து பார்த்தான். அவன் வாய் ஏதோ தொடங்கியது. "அங்க நெஜப் பனி எப்படி இருக்கும் வெயினி?" என்றான். அவ்வளவுதான். அவன் நாற்காலி மெல்லச் சாய்ந்து கொடுத்தது, விளக்கு மஞ்சளாக இறங்கியது, அவன் தோள்கள் தளர்ந்தன. "பரவால்ல, போயிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

அவள் மூன்று நாள் அந்தப் 'பரவால்ல'வைச் சுமந்துகொண்டு திரிந்தாள். கூட வாங்க என்று கேட்க ஒரு நொடி ஆகாது. ஆனால் கேட்டால் அவன் உடனே சரி என்பான். நெருப்பில் நடக்கச் சொன்னாலும் சரி என்பவனுடைய சரியில் விருப்பம் எவ்வளவு, விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று எப்படித் தெரியும்? ஆறு மாதப் பிரிவு அவளுக்குப் பயமில்லை. அந்த ஆறு மாதமும் இந்த வீடு அவனை வருத்தமே தெரியாமல் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் பயம். அவனாக ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அது மட்டும் போதும் அவளுக்கு.

நிஜ மலையில் நடந்தது இதுதான். பலகையைத் திருப்ப வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, காலின் முன்னெலும்பை பூட்ஸின் நாக்கில் பலமாக அழுத்த வேண்டும். பாதமறி அந்த அழுத்தத்தை வலி என்று எண்ணி இளகியது. இளகிய பூட்ஸ் பலகையைத் திருப்பவில்லை. சமதளத்தில் மிருதுவாக இருந்த பூட்ஸ் செங்குத்தில் ஆளைக் கவிழ்த்தது. இரண்டு பேருக்கு மணிக்கட்டு முறிந்தது. வேண்டாத வலி எது, வேண்டிய அழுத்தம் எது என்று காலுக்குத் தெரியாது. அது உடையவருக்குத்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் இளகுகிற பூட்ஸால் யாரையும் தாங்கிப் பிடிக்க முடியாது என்று வெயினி அறிக்கையில் எழுதினாள். எழுதிவிட்டு அந்த வரியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தீர்வு எளிதாகத்தான் தோன்றியது. புதிய பாதமறி தானாக எதையும் செய்யாது. கேட்கும். பதில் சொன்னால் மட்டும் மாறும்.

சனிக்கிழமை காலை பனிமாடத்தில் சோதனை வைத்தார்கள். வாடிக்கையாளர்களை வரிசையாக உட்கார வைத்து பூட்ஸை மாட்டிவிட்டார்கள்.

"எந்த இடத்தில் அழுத்துகிறது? என்ன செய்ய வேண்டும்?" என்று பூட்ஸ் கேட்டது.

பஞ்சுமிட்டாய் நிற ஸ்வெட்டர் போட்ட ஓர் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "வழக்கமா அதுக்கே தெரியும்லங்க?" என்றார்.

"நீங்க சொன்னாத்தான் தெரியும்ங்கம்மா. எங்க வலிக்குது?"

"கால்ல."

"கால்ல எந்தப் பக்கம்?"

அம்மாள் கண்ணை மூடி யோசித்தார். குதிகால், கணு, புறங்கால் என்ற சொற்களெல்லாம் எங்கோ பரண் மேல் கிடப்பது போல அவர் முகம் அண்ணாந்தது. பக்கத்தில் இருந்த மில்காரர், "நான் வேணும்னா வீட்டுக்குப் போயி எம்பட சம்சாரத்தக் கேட்டுட்டு வந்துர்றனுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நிஜமாகவே போய்விட்டார்.

வெயினிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அவர் போன வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நன்மாறன் டிபன் கேரியரோடு உள்ளே வந்தான்.

"காலையில நீ சாப்பிடாம வந்துட்ட."

"சாப்பாடு இருக்கட்டும். உக்காருங்க. இன்னிக்கு நீங்கதான் எனக்குச் சோதனை ஆளு."

அவள் மண்டியிட்டு அவன் காலில் பூட்ஸை மாட்டினாள். கறுத்துப்போய்ப் பிறகு வளர்ந்த அந்தக் கட்டைவிரல் நகம் இன்னும் கொஞ்சம் கோணலாகவே இருந்தது.

"எங்கயாவது புடிக்குதுங்களா?" என்று பழைய குரலில் கேட்டாள்.

அவன் சிரித்தான். "பரவால்லைங்க."

"அந்த வார்த்தை இந்தப் பூட்ஸுக்குப் புரியாதுங்க. எடுத்துட்டேன்."

அவன் மேலே போனான். அவள் சரிவின் அடியில் நின்றுகொண்டு காதில் ஒலிக்குமிழைப் பொருத்தினாள். அவன் பூட்ஸிடம் பேசுவது அவளுக்குக் கேட்கும். கையில் இருந்த காட்டியின் திரையில் அவன் பாதம் படமாகத் தெரிந்தது.

முதல் முறை பாதி வழியில் விழுந்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"எந்த இடத்தில் அழுத்துகிறது? என்ன செய்ய வேண்டும்?"

"ம்... ஒன்னுமில்ல."

பூட்ஸ் ஒன்றும் செய்யவில்லை. மேலே வரிசையில் நின்ற ஒருவன் கத்தினான். "மாறண்ணா! அங்கயே உக்காந்திருந்தா பனி உருகி வாய்க்கால்ல போயிரும்!"

"இர்ரா, வர்றேன்!" என்று கத்திவிட்டு நன்மாறன் காலைப் பார்த்தான். யாரிடமோ கடன் கேட்பவன் போலத் தணிந்த குரலில் சொன்னான். "எடது குதிகால் தூக்குது. அங்க கொஞ்சம் இறுக்கு."

பூட்ஸ் இறுக்கியது.

"வலது சுண்டுவிரல் பக்கம் எலும்பு இடிக்குது. அத மட்டும் விடு. முன்னாடி விடாத. முன்னாடி அழுத்தம் எனக்கு வேணும்."

வெயினி ஒலிக்குமிழைக் காதோடு அழுத்திக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவன் 'எனக்கு வேணும்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை. அவன் எழுந்தான், முழங்காலை மடக்கினான், முன்னால் சாய்ந்தான். பலகை கத்தி போலப் பனியைக் கீறிக்கொண்டு திரும்பியது. இடம், வலம், மறுபடி இடம். சரிவின் பாதிக்குக் கீழே வந்து நின்றான். அவளுக்கும் அவனுக்கும் இடையில் ஒரு கூப்பிடு தூரம்.

அவள் அங்கிருந்தே கையைத் தூக்கினாள். "அருமைங்க! திங்கக்கெழம இதையே எடுத்துட்டுப் போயிர்றேன்!"

அதைச் சொல்லிவிட்டுக் காட்டியைப் பார்த்தாள். அதில் எழுத்து ஓடியது. அழுத்தம்: சீர். வலி: இல்லை. கால்விரல்கள்: மடங்கியுள்ளன. காரணம்: தெரியவில்லை.

வெயினி அந்தப் படத்தையே பார்த்தாள். பத்து விரலும் சேர்ந்து உள்ளே மடங்கியிருந்தன. பழைய பாதமறியாக இருந்தால் இந்நேரம் அந்த விரல்களை இதமாகச் சூடாக்கி, நீவி, விரிய வைத்திருக்கும். புதன்கிழமை இரவு அந்த நாற்காலி சாய்ந்ததும் விளக்கு தணிந்ததும் அவள் கண்முன் வந்தன. அவன் வாய் அன்று ஏதோ தொடங்கியது. தொடங்கியதை நாற்காலி ஆற்றிவிட்டது. எத்தனை இரவுகளில் எத்தனை வார்த்தைகளை அந்த மெத்தை இப்படித் தாலாட்டித் தூங்க வைத்திருக்கும்? வாய் சொல்லாததைப் படிக்கத்தான் அவள் அந்தக் கருவியைச் செய்தாள். அது படித்தது. படித்த கையோடு வாய் திறக்க வேண்டிய காரணத்தையும் துடைத்துவிட்டது.

காட்டியில் விரலை வைத்தால் நரம்பின் முழுக் கணக்கும் விரியும். அவன் மனசில் இருப்பதை அவன் சொல்லாமலே ஏறக்குறையத் தெரிந்துகொள்ளலாம். அவள் விரல் அதன் அருகே போனது. பிறகு காட்டியை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

காதில் பூட்ஸின் குரல் கேட்டது. "வேறு ஏதாவது வேண்டுமா?"

நன்மாறன் குனிந்து பூட்ஸைப் பார்த்தான். பூட்ஸ் இளகவும் இல்லை, சூடேற்றவும் இல்லை. சோதனை விதிப்படி மறுபடி கேட்டது. "வேறு ஏதாவது வேண்டுமா?"

அவன் பெருமூச்சு விட்டது அவள் காதில் புயலாக இரைந்தது.

"ஆலைய அக்கா பாத்துக்குவா," என்று முணுமுணுத்தான். "கேட்டுட்டேன். அவ சரின்னுட்டா. வெயினி வேலைக்கு நடுவுல நான் எதுக்கு இடைஞ்சலா இருக்கணும்னுதான்..."

"புரியவில்லை. தெளிவாகச் சொல்லவும்."

மேலே நின்றவன் விசிலடித்தான். பஞ்சுமிட்டாய் நிற அம்மாள், "அட, அந்தத் தம்பிக்கு என்னமோ வேணுமாட்ட இருக்குது, யாராவது பாருங்களே" என்றார். வெயினி அசையவில்லை. ஓர் அடி எடுத்து வைத்தாலும் சொல்லாமல் இருக்க அவனுக்கு அது வசதியாகிவிடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பனியில் கால் மரத்துப்போக நின்ற இடத்திலேயே நின்றாள்.

நன்மாறன் குனிந்து பூட்ஸைப் பார்ப்பதை நிறுத்தினான். நிமிர்ந்தான். ஒலிக்குமிழ் இல்லாமலே பனிமாடம் முழுக்கக் கேட்கும் குரலில் கத்தினான்.

"வெயினி! என்னையும் கூட்டிட்டுப் போ!"