தொடங்குவதற்கு முந்தைய மூச்சு

மௌனத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் அதற்குள் யாரோ மூச்சு இழுப்பது கேட்டது.

ஒலிப்பதிவுத் தொழிலில் மௌனமும் ஒரு சரக்கு. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும்வரை ஒன்றுமே இல்லாமல் விட்டால், கேட்கிறவனுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருக்கும். அதனால் எல்லோரும் வெளியேறிய பிறகு, காலிக் கூடத்தைக் கொஞ்ச நேரம் அப்படியே பதிந்துகொள்வார்கள். சுவர் சும்மா இருக்கிற சத்தம், நாற்காலிகள் சும்மா இருக்கிற சத்தம். அதை அளவாக நறுக்கி இடைவெளிகளில் ஒட்டுவது கத்தரியின் வேலை. கத்தரி என்பது வாத்தியக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்ப்பான்.

அந்தக் காலிக் கூடத்தில்தான் மூச்சு. மூக்கு வழியாக, நிதானமாக, எதையோ தொடங்கப்போகிறவன் இழுக்கிற மூச்சு. பிறகு ஒன்றும் தொடங்கவில்லை.

அந்த வகை மூச்சு அவனுக்கு அத்துப்படி. அவன் வேலை பார்த்தது, முந்நூறு வருஷத்துப் பழைய ஐரோப்பிய பரோக் இசையை அந்தக் காலத்து வாத்தியங்களிலேயே வாசிக்கும் குழுவுக்கு. ஆட்டுக்குடலில் முறுக்கிய தந்திகள். மழை பெய்தால் ஒரு சுருதி, வெயிலடித்தால் இன்னொரு சுருதி, யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் அறுந்தே போகும். பேசுகிறவர் பெரும்பாலும் முதல் வயலின்காரர். முதுகுக்குப் பின்னால் சக்கரவர்த்தி என்பார்கள். அந்தக் காலத்தில் மின்விசிறி இல்லை என்று கூடத்து விசிறிகளை நிறுத்தி எல்லோரையும் வேகவைப்பார். அந்தக் காலத்தில் கைபேசியும் இல்லை என்பது மட்டும் அவருக்கு மறந்துபோகும்.

கோல் பிடித்து நடத்துகிற ஆள் இந்தக் குழுவில் கிடையாது. சக்கரவர்த்தி மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அத்தனை பேரும் கூடவே இழுப்பார்கள். மூச்சு திரும்புகிற இடத்தில் முதல் ஸ்வரம். அந்த மூச்சுகளையெல்லாம் வெட்டி எடுக்கத்தான் கத்தரி. “ஜனங்களுக்கு இசை கேக்கணும் தம்பி, எங்க நுரையீரல் கேக்கக் கூடாது” என்பது அரச கட்டளை.

பகலெல்லாம் அவன் மூச்சை வெட்டுவான். ராத்திரியெல்லாம் மூச்சுக்குக் காவல் இருப்பான். மகளுக்கு இழுப்பு. சுவருக்கு அப்பால் அவள் நெஞ்சில் விசில் ஏறுவதும் இறங்குவதும் அவன் காதில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது நிற்காமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர இந்த உலகத்திடம் அவன் வேறெதுவும் கேட்டதில்லை.

சக்கரவர்த்தியைக் கைபேசியில் கூப்பிட்டான்.

“சார், மௌனம் பதிஞ்சப்ப உள்ளே யாராவது இருந்தீங்களா?”

“ஏன் கேக்கறே?”

“மூச்சு விழுந்திருக்கு.”

மறுமுனையில் ஒரு புனிதமான இடைவெளி. “அந்தச் சுவர் சுவாசிக்குது தம்பி. நூற்றாண்டுகள் சுவாசிக்குது.”

“போன மாசம்தான் சார் பூசினாங்க. வெள்ளை இன்னும் என் சட்டையில இருக்கு.”

“உனக்குக் காது இருக்கு, ரசனை இல்லை. வெட்டிடு.”

வெட்டினான். ஓடவிட்டுக் கேட்டான். இன்னும் சற்றுத் தள்ளி, வேறொரு இடத்தில், அதே மூச்சு. அதையும் வெட்டினான். இன்னும் தள்ளி வந்தது. முன்பைவிட நீளமாக.

சமையலறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டான். குழுவின் பாடகி அவள்தான். வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஹெட்போனை மாட்டி, சலிப்போடு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு வந்தது. அவளுடைய விலா விரிந்தது, தோள் அமைந்தது, உதடு திறந்தது. பிறகு திடுக்கிட்டுச் சிரித்தாள்.

“ஐயோ, பாடியே இருப்பேங்க! யார் இது?”

“உங்க சக்கரவர்த்தி இல்லையா?”

“அவரா? அவர் இழுத்தா ஜலதோஷக்காரர் மாதிரி இருக்கும். இது வேலை தெரிஞ்ச ஆளோட மூச்சு.” இன்னொரு முறை கேட்டாள். “மூச்சிலேயே பாட்டோட வேகம் தெரிஞ்சிடும். சுருக்குன்னு இழுத்தா வேகமான பாட்டு. நீளமா இழுத்தா மெதுவான பாட்டு. இது மெதுவான ஏதோ ஒண்ணு.”

“எவ்வளவு மெதுவா?”

ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “இவ்வளவு மெதுவா நாங்க எதையும் பாடினதில்லை” என்றாள். அடுப்பில் எதுவும் இல்லாதபோதும், அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த ஒலிக்கோப்பு முழுவதையும் அழித்தான். கணினியை அணைத்தான். எழுந்தான், உட்கார்ந்தான், அணைந்த ஒலிபெருக்கியின் பிளக்கையும் பிடுங்கினான். அதற்கப்புறம்தான் நிம்மதியாக அமரலாம் என்று நினைத்து, அமர முடியாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தான்.

மறுநாள் பிற்பகல். குளிர்ப்பெட்டியின் முனகல், குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர், வதங்கும் வெங்காயத்தின் இனிப்பு வாசம், தரையில் குப்புறப் படுத்து மகள் காகிதத்தில் தேய்க்கும் வண்ணக்குச்சியின் கரகரப்பு, அதற்கு அடியில் அவள் நெஞ்சின் மெல்லிய விசில் என்று வீடு தன் வழக்கமான சத்தங்களையும் வாசங்களையும் பரப்பிக்கொண்டு கிடந்தபோது, வாசல் பக்கத்து இடைவழியில், செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில், ஆளே இல்லாத இடத்தில், யாரோ நிதானமாக மூச்சை உள்ளே இழுத்தார்கள்.

கரண்டி நின்றது. வண்ணக்குச்சி நின்றது. விசில் நின்றது.

கொஞ்ச நேரம்தான். பிறகு தாயும் மகளும் மூச்சை விட்டார்கள். கரண்டி வாணலியில் இடித்தது. சிவப்புக் குச்சி காகிதத்தில் தேய்ந்தது.

“குட்டி, இப்ப என்ன பண்ணினே?”

“அம்மா இழுத்தாங்க. நானும் இழுத்தேன்.”

சமையலறையிலிருந்து குரல் வந்தது. “நான் எங்க இழுத்தேன்? அவ இழுத்தா, நான் இழுத்தேன். ஏங்க, உங்க வேலையை எங்க தலையில கட்டாதீங்க!”

அவன் சிரிக்கப் பார்த்தான். வாய் ஒத்துழைக்கவில்லை. ஜன்னல்களைத் திறந்தான். அறைக் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தான். அலமாரிக்குப் பின்னால் குனிந்து பார்த்தான். தூசியும் ஒற்றைச் செருப்பும். இந்த ஊருக்கே காது விற்றவன் மாதிரி இவ்வளவு பெருமையாகத் திரிந்தோமே, ஒரு மூச்சு எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று தெரியவில்லையே என்று நினைத்தான்.

மறுபடி வந்தது. இந்த முறை வீட்டுக் கூடத்தின் நடுவில். நீளமாக. இன்னும் நீளமாக. ஒரு மனித நெஞ்சில் அவ்வளவு இடம் இருக்க நியாயமில்லை.

விசில் கேட்கவில்லை.

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு மகளின் நெஞ்சு அமைதி. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவனுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு ஓடினான்.

மகள் எழுந்து நின்றிருந்தாள். நெஞ்சு முட்டத் தூக்கியிருந்தது. சமையலறை வாசலில் மனைவி. விலா விரிந்து, உதடுகள் ஏதோ ஒரு முதல் எழுத்துக்காக வட்டமாகத் திறந்து. பின்னால் வெங்காயம் கருகிக்கொண்டிருந்தது.

“விடு குட்டி. மூச்சை விடு.”

விடவில்லை.

முதுகில் தட்டினான். உலுக்கினான். இன்ஹேலரை எடுத்து வாயில் வைத்து அழுத்தினான். மருந்து உதட்டிலேயே புகையாகத் தங்கியது. அதையும் உள்ளேதானே இழுக்கவேண்டும்? உள்ளே இடமில்லை.

உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது.

மூச்சு விடுகிற சத்தம். அது கேட்டால் விடுவாள். கணினிக்கு ஓடினான். பிளக்கைச் செருகினான். கணினியை இயக்கினான். இத்தனை வருஷமாக வெட்டிய மூச்சு அத்தனையும் குப்பையில் போடாமல் ஒரே இடத்தில் வைத்திருந்தான். ஒன்றைத் திறந்தான். உள்மூச்சு. அடுத்தது. உள்மூச்சு. அடுத்தது. அடுத்தது. உள்ளே, உள்ளே, உள்ளே. ஒன்றுகூட வெளியே வரவில்லை. வராது. பாடகியின் வெளிமூச்சு பாட்டாகிவிடுகிறது. வாத்தியக்காரனுடையது முதல் ஸ்வரத்துக்கு அடியில் அமுங்கிவிடுகிறது. வெட்டக் கிடைப்பது இழுத்ததுதான்.

பாட்டையே போட்டான். முழுச் சத்தத்தில். அவளுடைய குரலே வீடு அதிர எழுந்தது. மனைவி அசையவில்லை. அது வேறு பாட்டு. வேறு வேகம்.

நிறுத்தினான். அவர்கள் முன்னால் போய் நின்றான். வாத்தியம் தெரியாது. பாடத் தெரியாது. கையைத் தூக்கினான். கீழே இறக்கினான். ஊஃப் என்று ஊதினான்.

“தொடங்குங்க! ஏதாவது தொடங்குங்க!”

இருவரும் அவனைப் பார்க்கவில்லை.

அவன் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சற்று இடதுபுறம். சற்று உயரத்தில். நடத்துகிறவரைப் பார்க்கும் பார்வை. மரியாதையாக. தயாராக.

பிடரியில் காற்று நகர்ந்தது. அவனைக் கடந்து, பின்னால், எதற்குள்ளோ போயிற்று.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. எதிரே ஜன்னல். எதிர்வீட்டு மாடியில் ஈரச் சட்டையைக் கொடியில் போடப்போன பெண், கையைத் தூக்கியபடி. பக்கத்து மாடியில் கைபேசியைக் காதில் வைத்த ஆள். கீழே தெருவில் ஒற்றைக்காலை ஊன்றிய சைக்கிள்காரன். பேருந்துக்கு நின்றவர்கள். எல்லோருக்கும் நெஞ்சு தூக்கியிருந்தது. எல்லோருடைய கண்ணும் இந்த ஜன்னலில். அவன் தோளுக்கு மேலே. சற்று இடதுபுறம்.

அவனுடைய விலாவும் விரியத் தொடங்கியது.

அந்த மூச்சு இன்னும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.