ஓரடிச் சந்து

கூடத்துக்குள் நுழைந்ததும் சுபஸ்ரீ வழக்கம்போல ஒரு முறை கைதட்டினாள். சத்தம் தப்பாகத் திரும்பி வந்தது.

கட்டடக்கலை படிக்கப் போனதிலிருந்து அவளுக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. புது இடத்துக்குள் போனால் முதலில் கைதட்டிப் பார்ப்பாள். எவ்வளவு உயரம், எவ்வளவு அகலம், சுவர் கெட்டியா பொத்தலா என்று அறையே பதில் சொல்லிவிடும். நெருப்பெரிச்சல் ஊரில், பனியன் துணி பின்னும் அப்பாவின் நிட்டிங் ஷெட்டுக்குப் பின்னால் எழும்பியிருந்த இந்தக் கூடம் அவளே வரைந்தது. அது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பது அஸ்திவாரம் தோண்டும் முன்பே அவளுக்குத் தெரியும். மூன்று சுவர்களும் ஒழுங்காகத்தான் பதில் சொன்னன. கிழக்குச் சுவர் மட்டும் காலிப் பானையைத் தட்டினதுபோல் உள்ளுக்குள் முனகியது.

பனியன் கம்பெனிப் பெண்கள் தங்குவதற்கான கூடம் அது. நாள் முழுக்க செக்கிங் டேபிளில் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற பெண்கள், வேலை முடிந்து வந்தால் இரண்டு கைகளையும் விரித்து ஒரு சுற்று சுற்ற வேண்டும். எவர் மேலும் எதன் மேலும் இடிக்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காகத்தான் பதினெட்டடி அகலம் வைத்தாள், சாயங்கால வெயில் தாராளமாக விழ மேற்கே பெரிய சன்னல் வைத்தாள். கல்லூரியின் கடைசி வருட புராஜெக்டும் இதுதான். காகிதத்திலிருந்து இறங்கிச் செங்கல்லாக எழுந்த அவளுடைய முதல் கட்டடமும் இதுதான்.

டேப்பை எடுத்து அளந்தாள். பதினாறடிதான் இருந்தது.

நேராக ஷெட்டுக்குப் போனாள். மிஷின்களின் இரைச்சலில் அப்பா தனபால் துணி ரோலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மீசையில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது.

"பதினெட்டு ஆகாது கண்ணு," என்றார், அவள் கேட்பதற்கு முன்பே. "மனையடி சாஸ்திரத்துல பாத்தேன். பொம்பளப் புள்ளைங்க தங்கற எடத்துக்குக் கெடுதலாம். பதினாறு நல்ல அளவு."

"அதுக்காக என்ற செவுத்த இடிச்சுப்போட்டீங்களாப்பா?"

"எதுக்கு இடிக்கோணும்? உன்ற செவுரு அப்படியே நிக்குது. உள்ளாற இன்னொரு செவுரு சேத்திக் கட்டிப்போட்டோம். வெளிய நின்னு பாத்தா உன்ற பிளான். உள்ள நின்னு பாத்தா சாஸ்திரம்."

"ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சந்து?"

"அது சும்மா கெடக்கட்டும். யாரு வந்து கேக்கப் போறாங்க?"

கேட்க ஆள் இருந்தது. கோவையில், கல்லூரியில், சிவப்புப் பென்சிலோடு இருந்தது.

புராஜெக்டைத் திருத்தும் ஞானாம்பாள் மேடம் அவளுடைய பிளான் ஷீட்டை மேசையில் விரித்துப் பார்த்தார். கட்டியது கட்டியபடி வரைய வேண்டும் என்பது விதி. அதனால் சுவரும் பூச்சும் ஓரடி போக மிஞ்சிய ஓரடிச் சந்தையும் சுபஸ்ரீ பல்லைக் கடித்துக்கொண்டு வரைந்திருந்தாள். வாசல் இல்லை, சன்னல் இல்லை. மேலே கான்கிரீட், நான்கு பக்கமும் செங்கல். மேடம் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் எழுதினார்: யாருக்கு?

"எங்கப்பா கட்டினது மேடம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"ஷீட்ல இருந்தா அது உன் டிசைன். ஆள் இல்லாத இடத்தை வரையாதேன்னு முதல் வருஷத்துலேருந்து சொல்றேன். அடுத்த ரிவியூவுக்குப் பதிலோட வா. இல்லைன்னா இந்த வருஷமும் போனதுதான்."

போன வருடம் ஏற்கெனவே போயிருந்தது. இந்த முறையும் போனால் படிப்பு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் சுவரை எடுக்கச் சொன்னால் சாஸ்திரம், மேடத்திடம் விளக்கம் சொன்னால் சிரிப்பு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவிநாசி தாண்டும்வரை அவளுக்கு அழுகையும் எரிச்சலும் மாறி மாறி வந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மின்சாரம் போய் விசிறி நின்ற அறையில், வியர்வை ஷீட்டில் சொட்டாமல் கைக்குட்டையை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். யாருக்கு என்றுதானே கேட்டீர்கள், இந்தாருங்கள் என்று கறுவிக்கொண்டாள்.

மற்ற மாணவர்கள் சுவர் வரைந்து ஆளை நிறுத்துவார்கள். அவள் முதலில் ஆளை நினைப்பாள். எவ்வளவு உயரம், ஈரத் துணியை எங்கே உலர்த்துவாள், அழுகை வந்தால் எந்த மூலையைப் பார்த்து உட்காருவாள் என்பதெல்லாம் பிடிபட்டுவிட்டால், சுவர்கள் தாமாக வந்து நிற்கும். அந்த ஒரு விஷயத்தில் அவள் கெட்டிக்காரி, மேடமே ஒப்புக்கொண்டது.

அன்று கோபம் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைக் கூர் தீட்டியது. ஓரடி அகலத்தில் ஒருத்தி. பக்கவாட்டில்தான் நிற்க முடியும். ஒரு கன்னம் எப்போதும் சுவரோடு ஒட்டியிருக்கும். முழங்கால் மடங்காது, அதனால் உட்கார்ந்ததே இல்லை. உட்புறம் பூசாத செங்கல். இடுக்குகளில் பிதுங்கி இறுகிய சிமென்ட். கையை மேலே கொண்டுவந்தால் கிழித்துவிடும், ஆகவே இரண்டு கைகளும் தொங்கியபடியே இருக்கும். சின்னச் சின்னதாகத்தான் மூச்சு விடுவாள், நெஞ்சு விரிய இடமில்லை. இவள் ஒரு நாளும் கைதட்டியிருக்க மாட்டாள் என்று நினைத்தபோது சுபஸ்ரீக்கே அவள்மேல் பரிதாபம் வந்தது. பேனாவால் அவளை அளவு பிசகாமல் சந்துக்குள் நிறுத்தினாள்.

அடுத்த ரிவியூவில் மேடம் அதை வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதான் ஆளைப் பாத்து வரைஞ்சிருக்கே," என்றார். "இதை மாத்தாதே. இப்படியே கடைசி ஜூரியில, மார்க் போடறவங்க முன்னாடி வரட்டும்." பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவம், இவளுக்கு ஒரு வழி விட்டிருக்கலாம்."

அடுத்த வாரமே சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த நான்கு பெண்கள் கூடத்தில் குடியேறினார்கள். அவர்களில் மூத்தவள் நாகஜோதி. காதில் சிவப்புக் கல் தோடு, வாயெல்லாம் சிரிப்பு. சுபஸ்ரீ கேட்டதற்காக நடுக்கூடத்தில் நின்று கைகளை விரித்து ஒரு சுற்று சுற்றிக் காட்டினாள். "எதுலயும் இடிக்கலக்கா!" என்றாள். சுபஸ்ரீக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அதற்கடுத்த சனிக்கிழமை வந்தபோது நாகஜோதியிடம் அந்தச் சிரிப்பு இல்லை.

"அக்கா, அந்தச் சுவத்துக்கு அங்கிட்டு யாரு இருக்காக?"

"யாரும் இல்லையே. ஏன்?"

"மிஷின் ஓடுற வரைக்கும் ஒண்ணும் தெரியல. கரண்டு போனா மூச்சு கேக்குது."

"எலியா இருக்கும் ஜோதி."

"எலி மூச்சு விட்டு நாங்க கேட்டதில்லக்கா."

மிஷின் ஓடும்வரை நெருப்பெரிச்சலில் யாருக்கும் காது கிடையாது. ஆனால் அது இரண்டாயிரத்து எட்டு. நாள் தவறாமல் மின்வெட்டு. டீசல் விற்கிற விலையில் ஜெனரேட்டர் போட அப்பா யோசிப்பார். அன்று மத்தியானம் மின்சாரம் போயிற்று. ஒவ்வொரு ஷெட்டாக இரைச்சல் இறங்கி, கடைசி மிஷினும் இழுத்து இழுத்து நின்று, தெருவில் யாரோ வாளியை வைக்கிற சத்தம்கூடத் துல்லியமாகக் கேட்கிற அளவுக்கு ஊர் அடங்கியது. சுபஸ்ரீ கிழக்குச் சுவரில் காதை வைத்தாள். புதுச் சிமென்ட் வாசம். அதற்கு அடியில் எண்ணெய் காணாத தலைமுடியின் வாசம். பிறகு, செங்கல்லுக்கு அந்தப் பக்கம், அவள் காதுக்கு நேரே, சின்னச் சின்னதாக, நெஞ்சு விரிய இடமில்லாத மூச்சு.

அவள் விலகிக்கொண்டாள். அவள் கன்னம் பட்ட இடத்துக்குப் பக்கத்தில், பூச்சில் ஓர் ஈரக் கறை இருந்தது. அதுவும் ஒரு கன்னத்தின் அகலம்தான்.

அப்பாவிடம் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு. "காத்து போறதுக்கு வழி இல்லீன்னா அப்படித்தான் சத்தம் வரும்," என்றார். அவள் கத்தினாள், சாப்பிட மாட்டேன் என்றாள். கடைசியில் சலித்துப்போய், "ஒரே ஒரு கல்லு எடுக்கச் சொல்றேன். அதுக்கு மேல கை வெக்கக் கூடாது. அளவு கெட்டுப்போகும்," என்றார்.

கொத்தனார் பழனிமுத்து முக உயரத்தில் ஒரு செங்கல் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு, "உள்ள ஒண்ணும் இல்லீங் அம்மிணி," என்று உளியைத் துடைத்துக்கொண்டு போனார். சுபஸ்ரீ செல்போன் டார்ச்சை உள்ளே பிடித்தாள். உண்மையிலேயே ஒன்றும் இல்லை. செங்கல்லும் பிதுங்கிய சிமென்ட்டும்தான். ஓர் இடத்தில் மட்டும், கன்ன உயரத்தில், அந்தச் சிமென்ட் முள் எல்லாம் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. பல வருடங்கள் தேய்த்தால்தான் அப்படி ஆகும். சுவர் கட்டி முழுதாக மூன்று மாதம் ஆகவில்லை.

தான் வரைந்துதான் இவள் வந்தாள். சுபஸ்ரீக்கு அது சந்தேகமறத் தெரிந்தது. யாரிடம் சொல்ல முடியும்?

கோவைக்குத் திரும்பியதும் ஷீட்டை விரித்தாள். மேடம் மாற்றாதே என்ற ஷீட். இதை அழித்தால் இந்த வருடமும் போகும். நாகஜோதி கைவிரித்துச் சுற்றியது கண்முன் வந்தது. போனால் போகட்டும். புது பிளேடை எடுத்து, காகிதம் கிழியாமல், அந்தப் பெண்ணைச் சுரண்ட ஆரம்பித்தாள். முதலில் கன்னம். பிறகு தோள். தொங்குகிற கைகளைக் கடைசியாகச் சுரண்டினாள். மைத்தூளை ஊதிவிட்டபோது சந்து காலியாக இருந்தது. பக்கத்தில் 'யாருக்கு?' என்ற சிவப்புப் பென்சில் கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

இரண்டு நாள் கழித்து நாகஜோதி போன் செய்தாள். "சத்தமே இல்லக்கா. நல்லாத் தூங்குறோம்." குரல் சின்னதாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாள்.

"உடம்பு சரியில்லையா ஜோதி?"

"இல்லக்கா. எடம்தான் கொஞ்சம் பத்தல."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுபஸ்ரீ ஊர் வந்து சேர்ந்தாள். ஷெட்டுக்கு லீவு. எங்கும் சத்தம் இல்லை. கூடத்து வாசலில் நான்கு ஜோடி செருப்புகள் வரிசையாக இருந்தன. கொடியில் துணி காய்ந்து மொடமொடத்துக் கிடந்தது. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை.

"ஜோதி?"

பாய்கள் விரித்தபடி கிடந்தன. ஒரு பாயின்மேல் சீப்பு. தட்டில் தொடாத சோறு. வீட்டிலிருந்து யாரோ அழைத்து அழைத்து, நாகஜோதியின் செல்போன் தரையில் அதிர்ந்துகொண்டிருந்தது. நின்றது.

தரையில் பஞ்சுத் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. அதில் வெறுங்கால் தடங்கள். எல்லாம் கிழக்குச் சுவரை நோக்கி. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

போகாதே என்றது மனம். கால் போனது.

ஓட்டை அதே ஒரு செங்கல் அளவுதான். ஒரு பூனைகூட நுழையாது. அதற்குள்ளிருந்து வெதுவெதுப்பாகக் காற்று வந்து அவள் முகத்தில் பட்டது. நின்றது. மறுபடி பட்டது.

டார்ச்சைப் பிடித்தாள்.

சிவப்புக் கல் தோடு.

ஒரு கன்னம் சுவரோடு. கண் திறந்திருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. பிறகு இன்னொருத்தி. எல்லாரும் பக்கவாட்டில். கைகள் தொங்கியபடி. சின்னச் சின்னதாக, ஒன்றாக, மூச்சு விட்டார்கள். அளவு ஒன்றுகூடப் பிசகவில்லை. இந்தக் கோடியில், ஓட்டைக்கு நேர் பின்னால், இன்னும் ஓர் ஆள் நிற்க இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

"ஜோதி..." என்று ஓட்டைக்குள் கூப்பிட்டாள்.

கண்மணி மட்டும் நகர்ந்தது. சுபஸ்ரீயை அது பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக, கூடத்துக்குள், எதையோ பார்த்தது.

அவள் முதுகுக்குப் பின்னால், நடுக்கூடத்தில், யாரோ ஒரு முறை கைதட்டினார்கள்.

ஒரு நாளும் கைதட்டியிராத, பழக்கமில்லாத கை. உள்ளங்கைகள் சரியாகச் சேரவில்லை. கொஞ்சம் பொறுத்து, அறை சொன்ன பதிலைக் கேட்டுவிட்டு, இன்னொரு முறை தட்டியது.

சுபஸ்ரீ திரும்பவில்லை. மேற்குச் சன்னலின் வெயில் அவள் முன்னால் இருந்த சுவரில் மஞ்சளாக விழுந்திருந்தது. அந்த வெயிலில், அவளுடைய நிழலுக்குப் பின்னாலிருந்து, இரண்டு கைகளின் நிழல் மெதுவாக விரியத் தொடங்கியது. விரிந்தது. இன்னும் விரிந்தது. சுவரின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் தொட்ட பிறகும், எதிலும் இடிக்காமல், விரிந்துகொண்டே இருந்தது.