கிப்லாவுக்குத் திருப்பிய கட்டில்

வலது முழங்கைக்கு அடியில் விரிப்பு நனைந்திருந்தது.

அமானுக்கு முதலில் தெரிந்தது அது மட்டும்தான். குளிர்ந்த, பிசுபிசுப்பான ஈரம் சொட்டுச் சொட்டாகப் பரவி முதுகுக்கு அடியில் வந்துகொண்டிருந்தது. பிறகு மருந்து நெடி, குட்ஸ்ஷெட் பஸ் ஸ்டாண்ட் பக்கமிருந்து ஹோர்ன், ஜன்னலுக்கு வெளியே தகரத்தில் மத்தியான மழை, எல்லாவற்றுக்கும் மேலே காதோரத்தில் ஒரு பெரிய மிருகம் நிதானமாக மூச்சு விடுகிற மாதிரி உஸ்... உஸ்... என்று ஒரு சத்தம். அந்த மூச்சு தன்னுடையதுதான் என்று புரிய அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொண்டையில் சொருகிய குழாய் வழியாக இயந்திரம் அவனுக்குள் அடித்து ஏற்றிக்கொண்டிருந்த மூச்சு.

கையை நகர்த்தினான். நகரவில்லை. கண்ணைத் திறந்தான். திறக்கவில்லை. கத்தினான்.

உஸ்... உஸ்...

"யசோதா மிஸ், மொகம் கிப்லாவப் பாத்த மாதிரி ஈக்குதா?" அவன் மனைவி நஸ்லியாவின் குரல். அழுது கரகரத்துப்போயிருந்தது.

"இருக்கு தங்கச்சி, மக்கா பக்கம்தான்," என்றாள் நர்ஸ் யசோதா. "கட்டிலையே முழுசா திருப்பியாச்சே. இதுக்கு மேல திருப்பினா அடுத்த பேஷண்ட் மடியிலதான் கொண்டு போய் நிறுத்தணும்."

"நம்பிக்கை இல்லன்டு காலையில பெரிய டொக்டர் செல்லிட்டாரே மிஸ். அவர் மவுத்தாகிற நேரம் மொகம் வேற பக்கம் ஈக்கக் கூடாது."

"அப்படிப் பேசாதீங்க. கத்திக் குத்துல நுரையீரல் கெட்டுப்போயிருக்கு. மெஷினோட சண்டை போடாம இருக்க கழுத்து லைன்ல ஒரு மருந்து போகுது, அதான் ஒரு விரல்கூட அசையல. கையில போற வெள்ளை மருந்து தூங்க வைக்க. வலி மருந்தும் அதுலதான். நல்லாத் தூங்குறாரு."

இல்லை. தூங்கவில்லை.

கட்டிலைத் திருப்பியபோது கையிலிருந்த குழாய் கழன்றிருக்க வேண்டும். பம்பு தன் பாட்டுக்கு மருந்தைத் தள்ளிக்கொண்டிருந்தது, விரிப்புக்குள். கழுத்தில் போகிற மருந்து மட்டும் அவனைக் கல்லாக அடித்துப் போட்டிருந்தது.

அப்புறம் வலி வந்தது. நெஞ்சுக்குள் கத்தி போன இடங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டன, அவற்றோடு அந்த அந்தியும் வந்தது: கலகெதரையில் வாகன உதிரிப்பாகக் கடையின் பின்பக்கம், கிரீஸ் வாசம், நீ பழைய பிரேக் சாமான்களுக்குப் புதுப் பெட்டி போட்டு விற்றதை நாளைக்குப் பொலிசில் சொல்லப்போகிறேன் என்று அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் விலாவில் இறங்கிய இரும்பு, எலும்பில் தட்டி, திருகி, மறுபடி இறங்கியது. குத்தியவன் மூச்சு வாங்க அழுதுகொண்டே குத்தினான்.

ஸாகி. நஸ்லியாவின் கூடப்பிறந்த அண்ணன். அவளுக்கு நானா.

இயந்திரம் வேகமாகக் கத்தத் தொடங்கியது. செருப்புச் சத்தம் ஓடி வந்தது. குளிர்ந்த விரல் ஒன்று அவன் இமை மேல் ஒட்டியிருந்த டேப்பைப் பிரித்தது. வெளிச்சம் ஊசியாய் ஏறியது.

"கண்ணீர் வருது. துடிப்பும் கூடிருச்சு." டொக்டர் நிரஞ்சனி குனிந்து பார்த்தாள். "தூக்கம் பத்தலையோ என்னவோ. வெள்ளை மருந்தைக் கூட்டுங்க யசோதா. கழுத்து மருந்தை நிப்பாட்டுங்க, அசைவு இருக்கான்னு பாப்போம்."

கூட்டினார்கள். முதுகுக்கு அடியில் ஈரம் வேகமாய்ப் பரவியது.

டொக்டரைக் கீழே விபத்துப் பிரிவுக்குக் கூப்பிட்டார்கள். பிரித்த டேப் சரியாக ஒட்டாததால் ஒரு கண் பாதி திறந்தே கிடந்தது. களிம்பு படிந்த கலங்கலில் நஸ்லியாவின் முக்காடு தெரிந்தது.

"நான் அஸர் தொழுதிட்டு வாரன். நானா ஈக்கிறார்."

போகாதே. நஸ்லி, போகாதே.

"நீங்க அடுத்த கட்டிலப் பாருங்க மிஸ்." ஸாகியின் குரல் தேனாக இருந்தது. "நான் கையப் புடிச்சிட்டே ஈக்கிறன். விரல் அசைஞ்சா ஒடனே செல்லுறன்."

"ரொம்பப் பெரிய உதவி அண்ணன்."

சோப்புப் போட்டுக் கழுவிய கை அமானின் கையைப் பொத்திப் பிடித்தது.

"மச்சான், நீங்க பொழைக்க மாட்டீங்க, அதான் செல்லுறன்," ஸாகி காதோரம் குனிந்தான். வாயில் வெற்றிலை வாசம். "ஒங்க பொஞ்சாதி கேள்வி கேக்கத் தொடங்கிட்டா. ஒங்களக் குத்தின அண்டைக்கு ராவு நான் என்ட வேனுக்குள்ள என்னத்துக்கு அப்பிடிக் கழுவினன்டு. இண்டைக்கு நான்தான் அவளக் கூட்டிட்டுப் போறன். கட்டுகஸ்தோட்டை தாண்டினா ரோட்டுல ஆள் கொறவு. கூடப் பொறந்தவதான், மனசு கேக்குதில்ல. என்ன செய்ய?"

அவன் முழங்கை விரிப்பின் ஈரத்தில் பட்டது. ஸாகி போர்வையைத் தூக்கினான். ஈரத்தைத் தொட்டு, பால் மாதிரி வெள்ளையாய் ஒட்டியதை விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தான். கழன்ற குழாயைப் பார்த்தான். மெதுவாகத் திரும்பி அமானின் பாதிக் கண்ணைப் பார்த்தான்.

"மச்சான்... கேக்குதா?"

கண்ணீர் ஒன்று காதை நோக்கி இறங்கியது.

ஸாகி போர்வையை இழுத்து, குழாய் தெரியாமல் நன்றாகச் சொருகி விட்டான்.

மழை ஓய்ந்தது. மறுபடி பிடித்தது. அமான் தன் உயிரையெல்லாம் திரட்டி மோதிர விரலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தான். அசை. ஒரு தரம். யசோதா பார்க்கிற மாதிரி ஒரே ஒரு தரம். அசை.

அசைந்தது.

ஸாகியின் பொத்திய கைக்குள்.

பிடி இறுகியது. விரலைப் பின்னால் வளைத்தது. இன்னும். இன்னும். இயந்திரம் மூச்சு விட்ட சத்தத்தில் எலும்பு முறிந்த சத்தம் அமுங்கிப்போனது.

நெஞ்சு எகிறியது. தொண்டைக் குழாயோடு இருமல் மோதியது. எல்லா இயந்திரங்களும் ஒன்றாய் அலறின.

யசோதா ஓடி வந்தாள். "விரல் அசைஞ்சதா அண்ணன்?"

"இல்ல மிஸ். நான் கைய விடவே இல்ல. மூச்சுக்குத்தான் தவிக்கிறாரு, பாவம்."

"ஒக்சிஜன் இறங்குதே!" அவள் போனை எடுத்தாள். "டொக்டர், மெஷினோட சண்டை போடுறாரு... இல்ல, கை காலெல்லாம் அசைவில்ல... சரி டொக்டர், கழுத்து மருந்தைத் திரும்பப் போடுறேன்."

கழுத்துக்குள் குளிர் ஓடியது.

விரல் போயிற்று. நெஞ்சு போயிற்று. இமை போயிற்று.

உஸ்... உஸ்...

நஸ்லியா வந்தாள். குனிந்து அவன் கையை இரண்டு கைகளாலும் எடுத்து, முறிந்த விரலோடு சேர்த்துத் தன் கன்னத்தில் அழுத்தினாள். அழுத்தியபடியே இருந்தாள். அவனால் கத்த முடியவில்லை.

"கை சுடுது நானா. நான் இங்கேயே ஈக்கவா?"

"வேணாம் தங்கச்சி. ஒரு சொட்டு ஒறங்கிட்டு நாளைக்கு வெள்ளன வரலாம். வாங்க, வேன் வெளியிலதான் நிக்குது."

எதிலிருந்தும் விலக முடியாத அந்தப் பாதிக் கண்ணுக்கு முன்னால் கண்ணாடிக் கதவு திறந்தது. இரண்டு முதுகுகள் நடந்தன. ஆறுதல் சொல்கிறவன் மாதிரி ஸாகியின் கை நஸ்லியாவின் பிடரியில் படிந்திருந்தது. கதவு மூடும்வரை அவன் பெருவிரல் மட்டும் முக்காட்டுத் துணிக்கு மேலே மெதுவாக, அழுத்தி அழுத்தி, இடம் தேடிக்கொண்டிருந்தது.