பெல்ட் இல்லாத வண்டி

முன் சக்கரங்களுக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் இரண்டும் நசுங்கிக் கிடந்தன.

கம்பெனி ஃபிட்டர் குப்புராஜ் குனிந்து பார்த்தான். காலையில் ஆயுத பூஜை முடிந்ததும் அவற்றை அங்கே வைத்தவனே அவன்தான். விஜயதசமியன்று மேனேஜர் முன்னால் வண்டியைக் கிளப்பி ஏற்ற வேண்டிய பழங்கள். சாறு சிமெண்டுத் தரையில் ஈரம் காயாமல் இருந்தது, கொட்டை பிதுங்கி, புளிப்பு வாசனை ஷெட் முழுக்க ஏறியிருந்தது. எந்தக் கழுதையோ வண்டியைத் தள்ளி விளையாடியிருக்கிறது என்று திட்டிக்கொண்டே ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தது.

புதுவாயலைத் தாண்டி, கல்கத்தா ரோட்டை ஒட்டியிருந்த அந்தப் பீங்கான் குழாய்க் கம்பெனியில் அன்று எந்த மெஷினும் ஓடாது. ஸ்பானர், சுத்தியல், உளி எல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு, ஷெட்டின் உள்மூலையில் சிவப்புத் துணிமேல் கிடந்தன. மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. பொரிகடலைப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு ஆட்கள் மத்தியானமே போய்விட்டார்கள். கேட்டில் வாட்ச்மேன் கோபால் மட்டும் இருந்தார். குப்புராஜுக்கும் சாமி பயம் உண்டு. ஆனால் நாளைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், நாளை மறுநாள் இந்த வண்டியைப் பார்க்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். அந்த பயம் இன்னும் பெரிசு. கன்னத்தில் போட்டுக்கொண்டு, குங்குமத்தோடு ஒரு ஸ்பானரை எடுத்தான்.

சூளை கட்ட வந்த வெள்ளைக்கார இன்ஜினியர் விட்டுவிட்டுப் போன பெட்ரோல் வண்டி அது. அவர்கள் ஊரில் மைதானத்தில் பந்தை அடித்துவிட்டு, பந்துக்குப் பின்னாலேயே இதில் போவார்களாம். நடந்தால் கால் தேய்ந்துவிடுமா என்று ஆட்கள் சிரித்து, பந்து வண்டி என்று பேர் வைத்தார்கள். முனுசாமி அதில் குழாய் ஏற்றி ஓட்டினான். கியர் கிடையாது. இன்ஜின் பக்கம் ஒரு ஜோடித் தட்டு, அதுதான் கிளட்ச். இன்ஜின் வேகமெடுத்தால் தட்டுகள் நெருங்கி நடுவில் உள்ள பெல்ட்டைக் கவ்வும், வண்டி போகும். வேகம் குறைந்தால் விலகி விட்டுவிடும், வண்டி நிற்கும். போன வருஷம், எழுபத்திரண்டில், பெல்ட் அறுந்தபோது வேறு பெல்ட் மெட்ராஸ் முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. குப்புராஜ் சும்மா விடுவானா? லாரியின் ஃபேன் பெல்ட் ஒன்றை எடுத்து மாட்டினான். கொஞ்சம் பருமன். வண்டி ஓடியது, மேனேஜர் தோளில் தட்டிக்கொடுத்தார். ஆனால் பருமனான பெல்ட்டை கிளட்ச் முழுசாக விடவே இல்லை. வேகம் கொடுக்கும் பெடலில் கால் இல்லாவிட்டாலும், இன்ஜின் ஓடினால் போதும், வண்டி மெல்ல மெல்ல முன்னால் ஊர்ந்தது. முனுசாமி இரண்டு தடவை வந்து சொன்னான். பார்த்துக்கலாம் போ என்று குப்புராஜ் அனுப்பிவிட்டான்.

மூன்று வாரத்துக்கு முன் முனுசாமி வண்டியை ஓடவிட்டு இறங்கி, இதே ஷெட்டில், சுவரோரம் குனிந்து குழாய் அடுக்கிக்கொண்டிருந்தான். வண்டி ஊர்ந்து வந்து அவனைச் சுவரோடு வைத்து அழுத்தியது. முதலில் ஓடிவந்தவன் குப்புராஜ். முனுசாமி அவனைப் பார்த்துக்கொண்டேதான் செத்தான். மற்றவர்கள் வந்து சேர்வதற்குள் குப்புராஜ் வாயில் கதை தயாராகிவிட்டது: குடித்திருந்தான், பெடலை அழுத்தி மிதித்துவிட்டு, ஓடுகிற வண்டியிலிருந்து முன்பக்கம் குதித்தான்.

கம்பெனியில் செத்தவன் பெண்டாட்டிக்கு வேலை கொடுப்பது வழக்கம். குடித்துவிட்டுச் செத்தவன் பெண்டாட்டிக்கு யார் கொடுப்பார்கள்? முனுசாமி பெண்டாட்டி செல்லியம்மாள் தினமும் கேட்டில் வந்து நின்றாள். இன்றைக்கும் பூஜை முடிந்து கூட்டம் கலையும்போது குப்புராஜை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நீ கண்ணால பாத்தியாண்ணா? அந்தாளு குடிச்சிக்கினா வண்டி ஓட்னாரு?"

"பாத்தேம்மா."

அவள் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். பாவிதான் நான் என்று அவனுக்கே தோன்றியது. என்ன செய்வது, ஜெயிலுக்குப் போக அவனால் முடியாது.

ஒரிஜினல் பெல்ட் நேற்றுத்தான் கப்பலில் வந்து சேர்ந்தது. அதை மாட்டி, லாரி பெல்ட்டைக் கொண்டுபோய் ஏரியில் போட்டுவிட்டால் யாரும் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. சீட்டைத் தூக்கி லாரி பெல்ட்டைக் கழற்றினான். ஓரமெல்லாம் தேய்ந்து பளபளத்தது, கருகிய ரப்பர் நாற்றம் அடித்தது. பைக்குள் திணித்தான். புதுசை மாட்டி, கயிற்றை இழுத்து இன்ஜினைக் கிளப்பினான். கிளட்ச் தட்டுகள் அழகாக விலகி நின்றன. நடுவில் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. பிரேக்கைத் தளர்த்தியும் வண்டி அசையவில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டு, வேறு ஸ்பானர் எடுக்க மூலைக்குப் போனான்.

வெளியே மழை பிடித்தது. தகரக் கூரையில் முதலில் ஒன்றிரண்டாகத் தட்டி, பிறகு மொத்தமாகக் கொட்டியது. வெளிச்சம் மங்கியது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கிட்டத்தில் கேட்பதுபோல இருக்கவே திரும்பினான்.

எலுமிச்சந்தோல் இப்போது பின் சக்கரத்தின் பக்கத்தில் கிடந்தது.

தரை சரிவாக இருக்கும் என்று நினைத்தான். சொம்புத் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தான். அது வாசல் பக்கம் ஓடியது. வண்டி வருவது உள்பக்கம். இன்ஜின் ஓட்டம் அதிகமோ என்று திருகைக் குறைத்தான். இன்ஜின் இருமி இருமி, நின்றுவிடும்போல ஓடியது. வண்டி ஊர்ந்தது. கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டதோ? விரலை விட்டுப் பார்த்தான். நடுவில் இரண்டு விரல் தாராளமாகப் போனது. பலம்கொண்ட மட்டும் பிரேக்கை இழுத்தான், நிற்கவில்லை. இன்ஜினை நிறுத்தி, புது பெல்ட்டையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இனி இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முப்பது வருஷ ஃபிட்டர் அவன். பெல்ட் இல்லாத வண்டி போகாது.

முன்னால் வந்து உட்கார்ந்து, சக்கரத்தையே பார்த்தான்.

மழைச் சத்தம். சக்கரத்தில் ஒட்டியிருந்த ஒரு எலுமிச்சங்கொட்டை மேலே இருந்தது. கொஞ்ச நேரத்தில் பக்கவாட்டுக்கு வந்தது. பிறகு தரையோடு நசுங்கியது.

செங்கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தான். செங்கல் தரையை உரசிக்கொண்டே வந்தது. எழுந்து பின்வாங்கினான். முதுகில் சுவர் பட்டது. இடது பக்கம் நகர்ந்தான். முன் சக்கரம் இடது பக்கம் திரும்பியது. வலது பக்கம். அதுவும் வலது பக்கம். மூலை. காலடியில் சிவப்புத் துணி, ஸ்பானர்கள். வண்டியின் முன் தகடு தொடையில் பட்டது. சில்லென்று. இரண்டு கையாலும் தள்ளினான். நிற்கவில்லை. வலி. மூச்சு.

"கோபாலண்ணே!"

மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் கோபால் அரிக்கேன் விளக்கோடு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். இதென்ன கூத்து, இன்ஜினே ஓடவில்லையே என்று வண்டியைப் பிடித்துத் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. தகடு இடுப்பு எலும்பை அழுத்தியது. எங்கேயோ உள்ளே ஒன்று முறிவதற்குத் தயாராக இருந்தது.

"நான்தாண்ணே," என்று கத்தினான் குப்புராஜ். "லாரி பெல்ட்டு நான் மாட்னது. முனுசாமி குடிக்கல. பெடல மிதிக்கல. சத்தியமா மிதிக்கல."

வண்டி நின்றது.

அழுத்தம் ஒரு நூல் குறைந்தது. குப்புராஜுக்கு மூச்சு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. கோபால் விளக்கை வண்டிக்கு உள்ளே, கால் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டு, அவனையே பார்த்தார்.

"இத நீ ஆபீஸ்ல வந்து சொல்லணும். அந்தப் பொண்ணு பேஜாரு தாங்கல."

"சொல்றேண்ணே. காலையில சொல்றேன்."

சொல்லும்போதே அவன் மனசு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. இங்கே கேட்டது கோபால் ஒருத்தர்தான். காது மந்தம், கண் பார்வையும் சரியில்லை. மழைச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டார் என்று சொன்னால் மேனேஜர் யாரை நம்புவார்?

முனுசாமி செத்த அன்று சுவரில் மோதியதில் பிய்ந்துபோன முன் தகட்டின் பாதியை வெட்டி எடுத்திருந்தார்கள். அந்த ஓட்டை வழியாக, விளக்கு வெளிச்சத்தில், பெடல் அவனுக்கு நன்றாகத் தெரிந்தது. மூன்று வாரத் தூசி அதன்மேல் படிந்திருந்தது.

தூசியில் ஒவ்வொன்றாக ஐந்து கால்விரல் பதிந்தது.

கோபால் பின்னால் நகர்ந்தார். பெடல், அவசரமே இல்லாமல், தரையைத் தொடுகிறவரை இறங்கியது.