முன்னால் போகிறவன் விளிக்க வேண்டும்

“கல்” என்று ஜெனின் உரக்கச் சொன்னது வெறும் பழக்கதோஷம். பின்னாலிருந்து “கல்” என்று ஒரு குரல் அதைத் திருப்பிச் சொன்னதுதான் சரியில்லை.

சைக்கிள் பிரேக்கைப் பிடித்து, ஒரு காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். பேச்சிப்பாறை அணைக்கு மேலே ரப்பர் தோட்டங்களுக்குள் வளைந்து ஏறும் சல்லிப் பாதை அது. மதியம் பெய்த மழை செம்மண்ணைக் கரைத்துச் சக்கரத் தடங்களில் ஓடவிட்டிருந்தது. மணி ஐந்தரைகூட ஆகவில்லை, ஆனால் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் அதற்குள் கலங்கிப்போய், பால் வடியக் கட்டிய சிரட்டைகளில் உறைந்த ஒட்டுப்பாலின் புளித்த நாற்றமும் ஈர இலை வாடையும் மூக்கில் ஏற, எங்கோ ஒரு ஓடை இரைந்துகொண்டிருந்தது. பாதையில் ஆள் இல்லை. மனப்பிராந்தி என்று தன்னையே திட்டிக்கொண்டு மறுபடி மிதித்தான்.

சல்லிப் பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. முன்னால் போகிறவன், கண்ணில் படுவதை விளித்துச் சொல்ல வேண்டும். கல், குழி, வேர், வண்டி. பின்னால் வருகிறவன் அதே வார்த்தையைத் திருப்பிச் சொன்னால் கேட்டுவிட்டான் என்று பொருள். பின்னவனுக்கு முன்னவனுடைய முதுகு மட்டும்தான் தெரியும், பாதை தெரியாது. அந்தக் குரலை நம்பித்தான் அவன் வண்டியை விடுகிறான். ஜெனின் குவைத்திலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் அவனும் தம்பி சஜினும் இந்த மலைப்பக்கம் முழுக்க அப்படித்தான் சுற்றினார்கள்.

சஜின் செத்து முப்பத்தொன்பது நாள். நாளைக்கு வீட்டில் நாற்பதாம் நாள் ஜெபம்.

“மக்களே, போதகரு ஜெபம் முடிச்சதும் நீ எந்திச்சு நாலு வார்த்த சொல்லணும்” என்று அம்மா தேவகனி காலையில் சொல்லியிருந்தாள். “நீ விளிச்சத சொல்லு. காத்துல அவனுக்குக் கேக்காமப் போச்சு. ஆனா அண்ணன் கடைசி வரைக்கும் விளிச்சிட்டுத்தான் இருந்தான். எனக்கு அது ஒண்ணுதான் ஆறுதலு.”

ஜெனின் விளிக்கவேயில்லை.

அன்றைக்குக் காலையிலிருந்தே சஜின் ஒரே கிண்டல். “குவைத்துச் சோறு வயித்துல கெடக்கு. அண்ணனால ஏற முடியாது, கேட்டியளா” என்று டீக்கடையில் நாலு பேருக்கு முன்னால் சிரித்தான். ஒவ்வொரு ஏற்றத்திலும் முந்திப் போய், மேலே நின்று கொட்டாவி விட்டான். இறக்கத்திலாவது ஒரு தடவை அவனை ஜெயிக்க வேண்டும் என்று ஜெனினுக்கு வீம்பு. முன்னால் பாய்ந்து இறங்கியவன், ஓடையைக் கடக்கும் சின்னக் கலுங்குப் பாலத்தில் பாதியை மழை அடித்துக்கொண்டு போயிருந்ததைப் பார்த்தான். வெட்டித் திருப்பித் தாண்டினான். சொல்ல வாயெடுத்தவன், பயந்து பிரேக் பிடிக்கட்டும், கொஞ்சம் பிந்தட்டும் என்று வாயை மூடிக்கொண்டான். நாசமாய்ப் போன ஒரு நொடி. பின்னால் வந்த சஜின் பிரேக்கே பிடிக்காமல் அந்தக் குழிக்குள் போனான்.

ஆஸ்பத்திரி வாசலில் “விளிச்சேன் அம்மா, அவனுக்குக் கேக்கல்ல” என்று சொல்லிவிட்டான். அந்தப் பொய்யை அம்மா நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாளைக்கு அதையே சபைக்கு முன்னால் எழுந்து நின்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். இரண்டுக்கும் துணிவில்லாமல்தான் இன்று அந்தக் கலுங்கைத் தேடிக் கிளம்பியிருந்தான்.

வளைவில், ஒட்டுப்பால் சாக்கைத் தலையில் சுமந்து செல்வதாஸ் மாமா இறங்கி வந்தார். தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், வீட்டுக்கும் வேண்டியவர். சைக்கிளுக்கு வழிவிட்டு ஓரம் ஒதுங்கினார். ஜெனின் அவரைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தபோதும் அவர் ஓரத்திலேயே நின்றார்.

“ஏன் மாமா நிக்குதீரு?”

“பொறத்த வாறவன் போவட்டும் மக்கா.”

அவர் கண் பாதையின் கீழ்முனையிலிருந்து மெல்ல மேலே ஏறி வந்தது. தன்னைக் கடக்கிற எதையோ பார்க்கிற மாதிரி தலை திரும்பியது. ஜெனினின் முதுகுக்குப் பின்னால் வந்து பார்வை நின்றது. சாக்கை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, விறுவிறுவென்று இறங்கிப் போய்விட்டார்.

இறக்கம் தொடங்கியது. இப்போது நன்றாகவே கேட்டது. ஈரச் சல்லியை நசுக்கி வரும் இன்னொரு ஜோடி டயர், மிதிக்காமல் விடும்போது பின்சக்கரம் எழுப்பும் கிரிகிரி ஓசை, சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் இடறும் அந்தச் சத்தம். சஜினின் அந்த சைக்கிள் நெளிந்துபோய் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. ஜெனினுக்குத் தெரியும், அவனே மூடிவைத்தான். ஆனால் பயத்துக்கு முன்னால் வந்தது, சொல்லவே வெட்கம், சந்தோஷம்.

“வேர்” என்றான்.

“வேர்.”

அதே குரல். அதே அவசரம்.

“சஜினே.”

டயர்ச் சத்தம் மட்டும்.

“கல்.”

“கல்.”

கண்ணீரில் பாதை தெரியவில்லை. கலுங்கு வந்ததும் குதித்து இறங்கி, சைக்கிளை ஓரத்தில் போட்டான். பாதிப் பாலத்தை இன்னும் யாரும் கட்டவில்லை. உடைந்த வாய்க்குள் தண்ணீர் கறுப்பாக ஓடியது. விளிம்பில் நின்று, வந்த வழியைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான். இந்தத் தடவை சொல்லிவிடலாம். இந்தத் தடவை போதும்.

“குழி! சஜினே, குழி!”

“குழி” என்றது வளைவுக்கு மேலிருந்து. கேட்டுவிட்டது. கர்த்தாவே, அவனுக்குக் கேட்டுவிட்டது.

டயர்ச் சத்தம் குறையவில்லை.

ஒரு குளிர் அவன் விரித்த கைக்கு அடியில் நுழைந்து போனது. வியர்வையும் சங்கிலி எண்ணெயும் மணத்தது. இரும்பு கல்லில் மோதியது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம். முப்பத்தொன்பது நாளாகத் தூங்கவிடாத, எலும்பின் சத்தம். எங்கோ ஒரு சக்கரம் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

குனிந்து பார்த்தான். தண்ணீர் மட்டும்.

மேலே, வளைவில், மறுபடி டயர்.

“குழி! நிறுத்துடா! குழி!”

“குழி.” இப்போது குரலில் தண்ணீர் கொழகொழத்தது.

குளிர். இரும்பு. எலும்பு.

மூன்றாவது தடவை பதில் சொன்ன வாயில் பல் சரியாக இல்லை. ஆனாலும் சொன்னது. நம்பிச் சொன்னது.

ஜெனின் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். விளிக்க மாட்டான். இனி விளிக்கவே மாட்டான்.

டயர்ச் சத்தம் வளைவிலேயே நின்றது. ஓடையும் சொட்டும் இலைகளும் தவிர வேறு ஓசை இல்லை. நின்றதா? போய்விட்டானா? வெகுநேரம் நின்றான். ஓடையிலிருந்து மூடுபனி ஏறியது, மரங்கள் ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போயின. கையை மெல்ல எடுத்தான். சேற்றில் மண்டியிட்டான்.

“அண்ணைக்கி நான் விளிக்கல்லடா” என்றான். “பாத்தேன். பாத்துட்டும் விளிக்கல்ல.”

மூடுபனிக்குள்ளிருந்து முதலில் வந்தது, எட்டுப் போல நெளிந்த ஒரு முன்சக்கரம். பிறகு அன்றைக்கு அவன் போட்டிருந்த மஞ்சள் பனியன். பிறகு தலை. பிணவறை மேசையில் கிடத்தியிருந்த அதே பக்கமாக, தோளில் சாய்ந்து. பிரேக்கின் மேல் கை இல்லை. இரண்டு கையும் ஹேண்டில்பாரின் ஓரத்தில் தளர்வாகக் கிடந்தன, அண்ணன் முன்னால் போகும்போது அவன் எப்போதும் வைக்கிற மாதிரி.

“தெரியும் அண்ணா” என்றது. கோபமே இல்லாத குரல். “இப்பம் விளி.”

ஒரு கால் மேலே எழுந்து மிதிக்கட்டையில் ஏறியது. அண்ணனின் குரலுக்காகக் காத்திருந்தது.