கீழ்க்குழல் முதலில்

அலோன் துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மரவீட்டுக்கு நாங்கள் போனது இந்தத் தொண்ணூற்றாறாம் வருட மழைக்காலத்தில், போன வாரம் ஒரு பிற்பகலில். மின்சாரம் இல்லை. ரங்கூனில் அது அதிசயமும் இல்லை.

தனசேகரன் முதலாளி வருடக்கணக்காக ஒரு துப்பாக்கியைத் தேடிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பக்கத்தில் குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கி என்றால் பழையது எப்படியாவது கிடைத்துவிடும். இவருக்கு வேண்டியது ஒன்றின் மேல் ஒன்றாகக் குழல் அடுக்கியது. அதிலும் அவர் கேட்ட மாடலைச் செய்வதையே கம்பெனி நிறுத்திவிட்டது. அதை ரகசியமாக விற்பார்கள் என்று ஒரு தரகன் இந்த முகவரியைக் கொடுத்தான். நான் துப்பாக்கி ரிப்பேர்க்காரன்; தொழில் தெரிந்தவனை அழைக்கும் பர்மிய வழக்கப்படி என்னை 'சயா' என்பார். சரக்கைச் சோதித்துச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கதவைத் திறந்தது விஜயகுமாரி.

அவள் நல்லையாவின் மனைவி. பத்து வருடத்துக்கு முன், கியாக்தான் பக்கத்துச் சதுப்பில், வாத்து வேட்டையில் செத்த நல்லையா. அவருடைய துப்பாக்கியையே இரவல் வாங்கி அவர் முதுகில் சுட்டவர்தான் என் பக்கத்தில் நின்றார். அதுவரை இருவருக்கும் பொதுவாக இருந்த கிடங்கு அதற்குப் பிறகு இவருடையது ஆனது. விசையைத் தொடாமலே அந்தத் துப்பாக்கி தானாக வெடிக்கும் என்று விசாரணையில் எழுதிக் கொடுத்தவன் நான். பச்சைப் பொய். தாமுவே சந்தையில் இருக்கும் என் கடை அதற்குக் கிடைத்த கூலி.

திரும்பிவிடலாம் என்று முதலாளியின் கையைத் தொட்டேன்.

"நல்லையாவோட அதே துப்பாக்கிதான், சயா," என்று காதோடு சொன்னார். "விட்டா வேற கிடைக்காது."

அவ்வளவு அற்பமான மனிதர். நானும் குறைந்தவனில்லை, கூடவே உள்ளே போனேன்.

விஜயகுமாரி துணியில் சுற்றிய துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். பத்து வருடம் பெட்டிக்குள் கிடந்த துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. பிரித்ததும் சதுப்புச் சேற்றின் வாடை அறையை நிறைத்தது.

மடக்கித் திறந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு குழலும் காலி. மூடி மேசையில் வைத்துவிட்டு, கீழ்க்குழல் முதலில் வெடிக்கும், மேலது அதற்கு அடுத்தது, இரண்டும் பழுதில்லை என்று முதலாளியிடம் சொன்னேன்.

"தானா வெடிக்குமா, பாய்?" என்றாள் அவள்.

நான் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு எழுதிக் குடுத்தீங்களே. பொய்யா இருந்தா இப்பச் சொல்லிடுங்க. அவரு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

அறையில் எங்கள் மூவரைத் தவிர யாருமில்லை. ஆனால் என் முதுகுக்குப் பின்னால் தரையில் தண்ணீர் சொட்டியது. முதலாளி என்னையே பார்த்தார். எனக்குக் கடை கண்ணுக்குள் வந்து நின்றது.

"எழுதினது உண்மைதாம்மா," என்றேன்.

சொட்டுவது நின்றது.

துப்பாக்கியின் சேஃப்டி பூட்டு 'க்ளிக்' என்று தானாக நகர்ந்தது.

யாரும் தொடவில்லை. மேசைப் பலகையை உராய்ந்துகொண்டு துப்பாக்கி மெல்லத் திரும்பியது.

தனசேகரன் பக்கம்.

வெடிச்சத்தம் அடங்கியபோது அவர் சுவரோரம் கிடந்தார். உயிர் இல்லை. துப்பாக்கியைத் திறந்தேன். காலியாக இருந்த கீழ்க்குழலில் வெடித்த தோட்டா ஒன்று, சேறு அப்பி, சூடாக இருந்தது. மேல்குழலில் ஒரு சிவப்புத் தோட்டா. வெடிக்காதது.

போலீஸ் வந்தபோது விஜயகுமாரி என் பழைய சான்றிதழை எடுத்து நீட்டினாள். அதிகாரி படித்தார், தானாக வெடித்தது என்று எழுதிக்கொண்டார். பிறகு என் முன்னாலேயே துப்பாக்கியைத் திறந்தார். மேல்குழல் காலி.

மறுநாள் கடையைத் திறந்தேன். ரிப்பேர் மேசையில், சின்னத் தண்ணீர்த் தேக்கத்தின் நடுவே, அந்தச் சிவப்புத் தோட்டா நின்றது. கொண்டுபோய் ஆற்றில் எறிந்தேன். அடுத்த நாளும் அதே இடத்தில் நின்றது. பிறகு நான் அதைத் தொடவில்லை. விஜயகுமாரியிடம் போய் மன்னிப்புக் கேட்டுக் காலில் விழுந்தேன். "எங்கிட்டக் கேட்டு என்ன ஆகும், பாய்?" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

இன்று காலை ஸ்டேஷனிலிருந்து ஒரு ஆள் வந்தான். பூட்டிய அறையிலிருந்த துப்பாக்கியைக் காணவில்லையாம். நான் பார்த்தேனா என்று கேட்டான். இல்லை என்றேன். இந்த ஒரு தடவை உண்மையைத்தான் சொன்னேன்.

அவனை வாசல்வரை அனுப்பிவிட்டு மேசைப் பக்கம் திரும்பினேன். சேற்று வாடை அடித்தது.

தோட்டா நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது. கீழ்க்குழல் வெடித்துவிட்டது; அடுத்தது மேல்குழல்.